கை சோற்றில் இருக்கிறது

1

வேலை செய்யும் இடத்தில் என் மேல் ஒரு புகார் பதிவாகிவிட்டது. நான் திருடவில்லை, யார் மேலும் கை நீட்டவில்லை, மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை. இடைவேளையில் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். குற்றம் அவ்வளவுதான். இதற்கு விசாரணை வைத்தார்கள் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். சொன்னேன், சிரித்தார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்கவும் செய்யுங்கள். தர்மபுரியிலும் சேலத்திலும் கோச்சிங் சென்டர் வாசலில் ஃபைலோடு நிற்கிற நர்ஸ் பிள்ளைகள் கட்டாயம் யோசியுங்கள்.

என் பெயர் கோமதி. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மேட்டுக்காடு. நர்ஸிங் படித்துவிட்டு எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பல வருஷம் ஒப்பந்த நர்ஸாக இருந்தேன். இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் கேரர். நர்ஸ் இல்லை, கேரர். இங்கே நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள இவர்கள் வைக்கும் பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். அதற்குப் படிக்க நேரம் கேட்டால் கூடுதல் ஷிப்ட் தருகிறார்கள். ஊரில் பிரசவம் பார்த்த கை இங்கே கஞ்சி ஊட்டுகிறது, குளிப்பாட்டுகிறது, நனைந்த படுக்கையை மாற்றுகிறது. அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை 'பேசிக் ஸ்டாஃப்' என்று கூப்பிடுவதுதான் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்றும் தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். நானும் என் கணவரும் மகளும் இந்த நாட்டில் இருப்பது என் முதலாளி கொடுத்த ஸ்பான்சர் காகிதத்தை நம்பி. அவர்கள் அதை ரத்து செய்தால் இரண்டு மாதத்துக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆக, நான் சோறு தின்ற விஷயத்தில் மூன்று பேரின் விசா சிக்கிக்கொண்டது.

2

இங்கே வந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் சொல் 'பாப்'. கோச்சிங் சென்டரில் இதைச் சொல்லித் தரவில்லை. அங்கே ஆங்கிலப் பரீட்சைக்காகப் பருவநிலை மாற்றம் பற்றிக் கட்டுரை எழுதப் பழக்கினார்கள். இங்கே ஒரு கிழவரும் என்னிடம் பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்கவில்லை.

"கோமதி, கேன் யூ ஜஸ்ட் பாப் இன்டு ரூம் சிக்ஸ்?" என்பாள் ஹெலன். ஹெலன்தான் எங்கள் மேலாளர். பாப் என்றால் ஓர் எட்டு பார்த்துவிட்டு வருவது. பார்க்கப் போனால் படுக்கை தொப்பலாக நனைந்திருக்கும். ஆளைத் திருப்பி, துடைத்து, விரிப்பு மாற்றி, அவர் மகனைப் பற்றிய கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் என் இடைவேளை முடிந்திருக்கும்.

அடுத்தது 'உட் யூ மைண்ட்', உனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்பது. ஆரம்பத்தில் அதற்கெல்லாம் பணிவாக 'எஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செய்கிறேன் என்று சொல்வதாக என் நினைப்பு. உண்மையில், எனக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. நான் என்ன பதில் சொன்னாலும் வேலையைச் செய்துவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நீண்ட ஷிப்ட்டின் நடுவில் அரை மணி நேரம் இடைவேளை. அதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத நேரம் என்னுடைய நேரம்தானே. ஆனால் ஓய்வறைச் சுவரிலும் ஒரு மணிப் பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். எந்த அறையில் மணி அடித்தாலும் அந்த எண் எரியும். சாண்ட்விச்சை ஒரு கடி கடித்து, வைத்துவிட்டு ஓடி, திரும்பி வந்து அடுத்த கடி. ஆறிய டீயை நின்றுகொண்டே ஊற்றிக்கொள்வது. இப்படித்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

நாங்கள் என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். உள்ளூர்க்காரிகள் இடைவேளை வந்ததும் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவில் இன்னோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார்கள். எங்களால் அப்படிப் போக முடியாது என்பது ஹெலனுக்குத் தெரியும். அவள் கெட்டவள் இல்லை. ஆள் பற்றாக்குறை, மேலே இருப்பவர்கள் அவளைப் பிழிகிறார்கள். அவள் எங்களைப் பிழிந்தாள். வேறு யாரைப் பிழிந்தாலும் அவர்கள் போய்விடுவார்கள்.

3

ஊரில் வேலை பார்த்தபோது எனக்குத் தோழி ஷமீம். தர்மபுரி கடைத்தெருவில் அவள் அத்தாவுக்குப் பாய்க்கடை. நானும் அவளும் ஒரே நாளில் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள். மத்தியானம் டூட்டி ரூம் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம்.

ஒருநாள் எங்கள் ஒன்றியத்தில் பெரிய கை என்று பெயரெடுத்த ஒருவர், விரலைக் கத்தியில் கீறிக்கொண்ட மச்சானை இழுத்துக்கொண்டு சத்தம் போட்டபடி வந்தார்.

"யாரும்மா டூட்டியில? ஆளு இருக்கறீங்களா இல்லீங்களா?"

ஷமீம் எழுந்திருக்கவில்லை. விரலில் துணி சுற்றியிருந்தது, ரத்தம் நின்றிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டாள். "கை சோத்துல இருக்குங்க" என்றாள்.

அவ்வளவுதான். ஆளின் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "உண்ணுங்க, உண்ணுங்க. நாங்க இருக்கறோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் மச்சானைத் திட்ட ஆரம்பித்தார். "அறுத்துக்கறதுதான் அறுத்துக்கற, அவுங்க உண்டப்பறம் அறுத்துக்கக் கூடாதா?"

எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். கை சோற்றில் இருப்பவரை எழுப்பக் கூடாது. பங்காளிச் சண்டைக்கு வந்தவனும் நின்றுகொண்டிருப்பான், முடித்துவிட்டுக் கை கழுவி வந்த பிறகுதான் ஆரம்பிப்பான். பாம்புக்கடி வந்தாலோ, தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து ஆட்களைத் தூக்கிவந்தாலோ நாங்களே தட்டை உதறிவிட்டு ஓடுவோம். அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்றதற்கெல்லாம் நிற்பார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் ஊரை நினைத்து உருகுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊர்தான் என்னை வருஷக்கணக்காக ஒப்பந்தத்தில் தொங்கவிட்டது. நிரந்தரம் செய்யுங்கள் என்று வெயிலில் உட்கார்ந்தோம். வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மண்டபத்தில் மத்தியானம் சாம்பார் சாதம் வந்தது. பெயர் எழுத வந்த பெண் போலீஸ், நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு ஓரமாக நின்றாள். சாப்பிட விட்டார்கள், ஆனால் நிரந்தரம் மட்டும் தரவில்லை. அதனால்தான் ஷமீம் இன்னும் அங்கே போராடிக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே வந்துவிட்டேன். வந்ததற்கு எனக்கு வெட்கமும் இல்லை.

4

எங்கள் இல்லத்தில் என்னோடு ஒரே ஷிப்ட்டில் இருப்பவள் பிளஸ்ஸிங். ஜிம்பாப்வேக்காரி. அவள் வருவதற்குள் இங்கே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். புதிதாக வருகிற கேரர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது. ஊரார் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குப் பிள்ளை இருக்கக் கூடாது. என்ன நியாயமோ. அவள் மகள் ரூடோ, ஏழு வயதுப் பிள்ளை, ஊரில் பிளஸ்ஸிங்கின் தங்கை வீட்டில் வளர்கிறது.

தங்கை சாயங்காலம் கடை போடப் போவாள், போனையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, சித்தி கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் போன் பிள்ளையின் கையில் இருக்கும். அது எங்கள் இடைவேளை நேரம். பிளஸ்ஸிங் ஒரு கையில் பிஸ்கட்டும் ஒரு கையில் போனுமாக உட்காருவாள். மணிப் பலகையில் எண் எரியும். "மம்மா அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று அவள் பாஷையில் சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். அப்புறம் எங்கே கூப்பிடுவது? போன் கடைக்குப் போயிருக்கும்.

ஒருநாள் ரூடோ வாயைத் திறந்து காட்டி என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். மணி அடித்தது. பிளஸ்ஸிங் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தாள்.

"என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"பல் விழுந்துவிட்டதாம். எப்படி விழுந்தது என்று சொல்ல வந்தாள்" என்றாள். சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினாள்.

என் மகள் என்னோடு இருக்கிறாள். இவளுக்கு இந்த அரை மணியில்தான் மகளே இருக்கிறாள். அதையும் பாப் பாப் என்று பிய்த்துத் தின்கிறார்கள். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் களி கிண்டினேன். இந்தியக் கடையில் கேழ்வரகு மாவு கிடைக்கிறது. களி கிண்டும் கட்டைக்குப் பதில் சப்பாத்திக் கட்டைதான். இரண்டு உருண்டை, ஸ்பினாச்சில் ஒரு கீரைக் கடைசல். இதைக் கைபடாமல் சாப்பிட வழியே கிடையாது. கிள்ளி, உருட்டி, கடைசலில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். சாண்ட்விச்சைப் பாதியில் வைக்கலாம், ஸ்பூனைக் கீழே போடலாம். களி பிசைந்த கையோடு எங்கே போவது?

மத்தியானம் முழங்கை வரை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது வாயில் ஹெலன் கதவைத் திறந்தாள்.

"கோமதி, கேன் யூ ஜஸ்ட்..."

கையைத் தூக்கிக் காட்டினேன். ஐந்து விரலிலும் பழுப்பும் பச்சையும். "மை ஹேண்ட் இஸ் இன் ரைஸ்" என்றேன். அது அரிசியே இல்லை, ஆனால் வாயில் வந்தது அதுதான். ஹெலனின் முகம் ஒரு மாதிரிப் போனது. "ஓ. சாரி. கேரி ஆன்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஊரில் மரியாதையால் நடந்தது இங்கே அருவருப்பால் நடந்தது. எதனால் நடந்தால் என்ன, அன்றைக்கு என் சாப்பாடு வயிற்றில் போய்ச் சேர்ந்தது. பிளஸ்ஸிங் என் டப்பாவை எட்டிப் பார்த்தாள். அந்த நிறத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எங்கள் வீட்டிலும் உண்டு. இதே மாவுதான், இதே மாதிரிக் கையால்தான். சாட்சா என்போம். இங்கே கொண்டுவரக் கூச்சமாக இருந்தது" என்றாள்.

"கூச்சப்பட்டு பிஸ்கட் தின்னு" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைப் பிட்டேன்.

5

அதற்கப்புறம் தினமும் களி அல்லது குழம்புச் சோறு. ஹெலன் கதவைத் திறப்பாள், கையைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

ஒருமுறை பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சாதாரண மணி என்றால் வெள்ளை எண். சிவப்பு என்றால் உயிர் போகிற விஷயம். கையைத் துண்டில் இழுத்துத் துடைத்து, ஓடுகிற ஓட்டத்தில் கழுவிக் கையுறை மாட்டி, நான்தான் முதலில் போய் நின்றேன். ரொனால்டு என்ற பெரியவருக்கு இறைச்சித் துண்டு தொண்டையில் அடைத்திருந்தது. முன்னால் குனிய வைத்து முதுகில் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். அன்றைக்கு ஹெலன் என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே புகாருக்குரிய நாள் வந்தது. பெற்றவர்களை இங்கே சேர்க்கலாமா என்று பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. ஹெலன் கதவைத் திறந்தாள். அன்றைக்குக் கையைப் பார்த்தும் போகவில்லை.

"விருந்தாளிகளுக்கு டீ போட வேண்டும். லவுஞ்சில் நாற்காலியை நகர்த்த வேண்டும். ஐந்து நிமிஷம்தான்."

"சாப்பிட்டு முடித்துவிட்டு வருகிறேன், ஹெலன்."

"கையைக் கழுவினால் போயிற்று."

"கழுவலாம். மாட்டேன்" என்றேன்.

என் வாயிலிருந்து அது அவ்வளவு நிதானமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம். பிளஸ்ஸிங் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழப் போனாள். இடது கையால் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். ஹெலன் அதையும் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. பணிக்கு வர மறுத்தல், சக ஊழியரைத் தடுத்தல், தொற்றுத் தடுப்பு விதியை மீறி வெறுங்கையால் உண்ணுதல். கடைசி வரியில், முடிவைப் பொறுத்து ஸ்பான்சர்ஷிப் மறுபரிசீலனை செய்யப்படலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெரிய மின்னஞ்சலில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான்.

6

வீட்டில் சொன்னேன். என் கணவர் சக்திவேல் பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறார். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்கெதுக்கு கோமதி இந்த வேலை? ஒரு டீ போட்டுக் குடுத்தா குடியா முழுகிப் போயிரும்?"

"போட மாட்டேன்னு நா சொல்லலீங்க. உண்டுட்டுப் போடறேன்னேன்."

"நம்மூருல தர்ணா பண்ணுனாப்புல இங்க பண்ண முடியாது. அங்க வேல போனா வூடு இருந்துச்சு. இங்க வேல போனா நாடே போயிரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

மகள் யாழினி எட்டு வயதில் இங்கே வந்தாள், இப்போது பதின்மூன்று. ஃபோர்க்கில் தோசை சாப்பிடுவாள். நான் களி கிண்டினால் ஜன்னலைத் திறந்துவைப்பாள். தோழிகள் வருகிற நாளில் குக்கர் வைக்காதே என்று சொல்லியிருக்கிறாள். அவள் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள்.

"சாரி சொல்லிடும்மா. இங்க சாரி சும்மா சொல்றதுதான். பஸ்ல இடிச்சவங்களும் சொல்வாங்க, இடி வாங்குனவங்களும் சொல்வாங்க."

"அவங்க சொன்னா காத்தோட போயிரும் யாழினி. நா சொன்னா குத்தத்த ஒத்துக்கிட்டாள்னு எழுதி வெச்சுக்குவாங்க."

"எழுதிக்கட்டும். அதனால என்ன?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "என்னால தர்மபுரியில படிக்க முடியாதும்மா. எனக்குத் தமிழ் எழுத்தே மறந்துபோச்சு" என்றாள்.

அவளுக்குத் தமிழ் எழுத்து மறந்துகொண்டிருந்தபோது நான் எந்த அறையில் யாருடைய விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். பயம் வந்தது. உண்மையாகவே அன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். பிளஸ்ஸிங்கின் மகளுக்காக என் மகள் ஏன் ஊர் மாற வேண்டும்?

மறுநாள் ஷமீமுக்குப் போன் போட்டேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன்.

"சோறு உண்டதுக்கா உம்மேல கேஸு? கொலக் கேஸுன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன், உன்னோட கோவத்துக்கு" என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "மன்னிப்புக் கேக்கப் போறியா?" என்றாள்.

"யாழினிய நெனச்சாப் பயமா இருக்குது ஷமீம்."

"சரி, கேளு. கேட்டுட்டு நாளைக்கு மறுபடி களிய எடுத்துக்கிட்டுப் போவியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"போவ மாட்ட. போனா மறுபடியும் கேஸு. அப்பறம் உனக்கு அந்த அர மணி கெடையாது, எப்பவுமே கெடையாது. பயந்தாலும் உள்ள வெச்சுக்க. அங்க சங்கம் கிங்கம் எதுவும் இல்லியா?"

இருந்தது. நான்தான் இத்தனை நாள் பக்கத்தில் போகவில்லை. சங்கத்தில் சேர்ந்தால் விசாவுக்கு ஆபத்து என்று ஏஜென்ட் பயமுறுத்தி அனுப்பியிருந்தான். அது பச்சைப் பொய். இங்கே வருகிறவர்கள் இதை மட்டுமாவது நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே சேர்ந்தேன். ஆனால் பழைய பிரச்சினைக்குப் புதிய உறுப்பினருக்காகப் பேச அவர்களுக்கு விதி இடம் தரவில்லையாம்; கூட வந்து உட்கார மட்டும் ஒரு பெண்மணியை அனுப்பினார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும், பேச எனக்கே வாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

7

விசாரணை நாளில் ஹெலன் எதிரில். திரையில் தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர். முதலில் தொற்றுத் தடுப்பைப் பற்றிக் கேட்டார்.

"வெறுங்கையால் சாப்பிடுவது சுகாதாரமா?"

"நீங்கள் சாண்ட்விச்சை எதனால் சாப்பிடுகிறீர்கள்?" என்றேன். சங்கத்துப் பெண்மணி இருமினாள். "நான் முழங்கை வரை கழுவிவிட்டுச் சாப்பிடுகிறேன். சாப்பிட்ட பிறகும் கழுவுகிறேன். ஓய்வறைக் குழாயில் சோப்பு தீர்ந்தால் எழுதிப் போடுவது நான் ஒருத்திதான்."

அவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். அதற்குத்தான் நான் பயந்திருந்தேன்.

"முந்தைய வாரம் சிவப்பு விளக்கு எரிந்தபோது உடனே எழுந்து போயிருக்கிறீர்கள். பாராட்டும் பதிவாகியிருக்கிறது. அப்படியென்றால் உங்களால் எழ முடியும். இந்த முறை ஏன் எழவில்லை?"

"அன்றைக்கு ரொனால்டின் உயிர். இந்த முறை டீ."

"எது அவசரம் என்று முடிவு செய்வது மேலாளரின் வேலை இல்லையா?"

"நான் பத்து வருஷம் நர்ஸாக இருந்தவள். எது அவசரம் என்று பார்த்துப் பிரிப்பதுதான் என் தொழில். உங்கள் காகிதத்தில் நான் நர்ஸ் இல்லை, சரி. அதற்காகத் தெரிந்தது மறந்துபோகாது."

அவர் அடுத்த கேள்வியை எடுப்பதற்குள் நானே ஆரம்பித்தேன்.

"ஒரு கேள்வி நான் கேட்கலாமா? அந்த அரை மணிக்கு எனக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லை."

"அப்படியென்றால் அந்த நேரத்தில் மணி அடித்தால் போக வேண்டியவர் யார்? அவர் பெயரைச் சொல்லுங்கள்."

அதிகாரி ஹெலனைப் பார்த்தார். ஹெலன் தன் காகிதங்களைப் பார்த்தாள். அந்த இல்லத்தில் இவ்வளவு நாளாக அந்தப் பெயர் இல்லை. யாரையும் நியமிக்கவே இல்லை. இடைவேளையில் இருப்பவர்கள்தான் போய்க்கொண்டிருந்தோம். சங்கத்துப் பெண்மணி அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், தன் நோட்டில் அந்தக் கேள்வியை எழுதி அடியில் கோடு போட்டாள். கோடு போடுவதைத் திரையில் இருந்தவரும் பார்த்தார்.

அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது அவருடைய பேச்சே மாறியிருந்தது. இதை ஒரு தகவல் பரிமாற்றக் குறைபாடாகப் பார்க்கிறார்களாம். நடவடிக்கை இல்லை. ஸ்பான்சர்ஷிப் பேச்சே எழவில்லை. ஒன்றே ஒன்று, இனி கரண்டி முள்கரண்டி பயன்படுத்துவேன் என்று ஒரு வரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கோப்பை மூடிவிடலாம்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் காத்திருந்தார். ஒரு கையெழுத்து, எல்லாம் முடிந்துவிடும். பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தாள் ஹெலன்.

"களியை ஸ்பூனால் தின்றால் பல்லில் அப்பிக்கொள்ளும். மென்றால் தொண்டையில் நிற்கும். ரொனால்டுக்கு நடந்தது உங்கள் பதிவிலேயே இருக்கிறது. இது பணியிடப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்" என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்தேன்.

அந்த வார்த்தைக்கு இந்த நாட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். வரியை அடித்துவிட்டார்கள்.

வெளியே வந்து சொன்னதும் என் கணவர், "கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாழினி சிரிக்கவில்லை. நல்லவேளை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவள் இன்னும் ஃபோர்க்கில்தான் சாப்பிடுகிறாள். சாப்பிடட்டும், அது அவள் கை.

8

மறு வாரம் சுற்றறிக்கை வந்தது. இடைவேளையில் இருப்பவர்களை வெள்ளை மணிக்கு அழைக்கக் கூடாது. அந்த நேரத்துக்குப் பொறுப்பான ஆளின் பெயர் பலகையில் இருக்க வேண்டும். முதல் நாள் பெயர் எழுத ஆள் கிடைக்கவில்லை. ஹெலன் தன் பெயரையே எழுதினாள்.

அன்றைக்குப் பிளஸ்ஸிங் பிஸ்கட் கொண்டுவரவில்லை. ஒரு டப்பா நிறைய சாட்சாவும் கீரையும் கொண்டுவந்தாள். கை கழுவி வந்து, போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து நிறுத்தினாள். திரையில் ரூடோ. அம்மா கையால் சாப்பிடுவதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை எதையோ கேட்டுச் சிரித்தது. நானும் என் களியைப் பிட்டுக் காட்டினேன்.

பலகையில் வெள்ளை எண் எரிந்தது. பிளஸ்ஸிங்கின் உடம்பு தானாக எழுந்தது, கை போனை நோக்கிப் போனது. ஐந்து விரலிலும் மாவு. எங்கே அழுத்துவது என்று விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உட்கார்" என்றேன்.

உட்கார்ந்தாள். வெளியே நடைபாதையில் ஹெலனின் காலணிச் சத்தம் ஆறாம் அறைப் பக்கம் போனது. ரூடோ பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்தாள். அது முடிந்ததும் இன்னொன்று, அதற்கப்புறம் ஒரு பாட்டு. பாட்டில் பாதி மறந்து மறுபடி முதலிலிருந்து பாடினாள். எதற்கும் பிளஸ்ஸிங்கால் பொத்தானை அழுத்த முடியாது, கை சோற்றில் இருந்தது. கடைசியில் அந்தப் பிள்ளைதான் விளையாடப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, போனைத் தானே வைத்தது.